ஜிம் தோர்ப் போனால் ஆற்றுக்கு அந்தப் பக்கமும் போங்கள்

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் இருக்கிற நம்ம குடும்பங்களுக்கு ஜிம் தோர்ப் ஊர் புதுசு இல்லை. அக்டோபரில் இலை நிறம் மாறும்போது போய், லீஹை ஆற்றோரம் பழைய ரயிலில் ஒரு சுற்று வந்து, ஐஸ்கிரீம் சாப்பிட்டுத் திரும்பிவிடுவோம். இந்தத் தடவை நாங்கள் ஆற்றைத் தாண்டி 903-ஆம் ரோட்டில் ஏறினோம். ஊருக்குப் பெயர் கொடுத்தவரின் கல்லறை அங்கேதான் இருக்கிறது.

ஜிம் தோர்ப், ஓக்லஹோமாவின் சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடிக்காரர். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெக்கத்லான் இரண்டிலும் தங்கம். அடுத்த வருஷமே இரண்டையும் பறித்துவிட்டார்கள். 1909, 1910-இல் வட கரோலினாவில் சின்ன பேஸ்பால் அணிகளுக்குச் சம்பளத்துக்கு ஆடினார் என்பது குற்றம்.

"பேஸ்பால் ஆடினதுக்கு ஓடி ஜெயிச்ச மெடலை ஏன்ப்பா புடுங்கணும்?" என்றாள் மகள்.

நியாயமான கேள்வி. காசு வாங்காமல் ஆடுபவரே உண்மையான வீரர் என்பது அன்றைய விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள், கைவேலை செய்து பிழைப்பவர் அமெச்சூரே இல்லை என்று ஒதுக்கினார்கள். சோற்றுக்குக் கவலை இல்லாதவர்கள் போட்ட விதி அது. கல்லூரிப் பையன்கள் பலர் பொய்ப் பெயரில் ஆடித் தப்பித்தார்கள். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடி மாட்டிக்கொண்டார். ஆட்சேபம் 30 நாளுக்குள் வரவேண்டும் என்ற விதியை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

ஸ்டாக்ஹோமில் அவரிடம் தோற்ற ஏவரி பிரண்டேஜ், 1952 முதல் 1972 வரை ஒலிம்பிக் கமிட்டித் தலைவர். அவர் போனபிறகுதான் விதி தளர்ந்தது. தோர்ப்புக்கு 1982-இல் பட்டம் திரும்பியது, இணை வெற்றியாளராக. பத்து வருஷத்தில் பார்சிலோனாவில் மைக்கேல் ஜோர்டன் போன்ற கோடீஸ்வரர்கள் தங்கம் வாங்கினார்கள். தோர்ப் மட்டுமே வெற்றியாளர் என்று கமிட்டி சொன்னது 2022-இல். அவர் இறந்ததோ 1953-இல்.

நிலக்கரித் தொழில் நொடித்துப்போன இந்த ஊர், அவர் மனைவியோடு பேசி உடலை வாங்கி, 1954-இல் பெயரையும் மாற்றிக்கொண்டது. அவரைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோக மகன்கள் போட்ட வழக்கு 2015-இல் தோற்றது.

நீச்சல், டென்னிஸ், கோச்சிங் என்று நாம் கொட்டுகிற பணம் நமக்கே தெரியும். அதனால் மகளிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "காசு வாங்கினது தப்பில்லம்மா. காசு தேவைப்படாதவங்க மட்டும் ஆடலாம்னு சொன்னதுதான் தப்பு."

கல்லறை ரோட்டோரத்திலேயே இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.