நோவும் நித்திரையும்

இளமையில் வேலணைத் தோட்டங்களிலே துலா மிதித்த கால்கள் முதுமையில் நோகின்றன. பழைய மாணவராகிய நாம் ஒருவரையொருவர் காணுங்கால் "முழங்கால் எப்படி?" என்று கேட்கின்றோம், "நித்திரை எப்படி?" என்று கேட்பாரிலர். மருத்துவரிடத்தும் நோவை மாத்திரம் கூறி மீளுகின்றோம். நோவு நித்திரையைக் கெடுக்கும்; கெட்ட நித்திரை மறுநாள் நோவை மிகுவிக்கும். ஆதலின் இரண்டையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்குரிய அளவைகளுள் ஒன்று, 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்து அறிஞர் வெளியிட்டது. அது கடந்த ஒரு மாத நித்திரையை 19 வினாக்களால் அளந்து, 0 முதல் 21 வரை புள்ளியிடும். 5க்கு மேற்படின் நித்திரை குறைபாடுடையதாகக் கொள்ளப்படும். ஆயினும் புள்ளி மட்டும் காரணத்தைக் கூறாது.

எனவே நாம் 14 நாட்கள் குறிப்பெழுதினோம்: படுத்த நேரம், உறங்கிய நேரம், விழித்த தடவைகள், விழிப்பித்த காரணம், பகலுறக்கம், தேநீர், மாத்திரை. நோவே எம்மை எழுப்பியதென்றிருந்தோம். திண்ணையிலே பகலில் நெடிதுறங்கிய நாட்களின் இரவுகளே விழிப்பிற் கழிந்தமையைக் குறிப்புக் காட்டிற்று.

குறட்டையையும் இடையே மூச்சு நிற்பதையும் உறங்குபவர் அறியார், உடனுறைவோரே சாட்சி. அவ்வியல்புடையார்க்கு வன்மையான நோமருந்துகளும் நித்திரை மாத்திரைகளும் ஆபத்து விளைக்கலாம். ஆதலால் அதனை மருத்துவரிடம் மறையாது கூறுக.

அன்பர்காள், அடுத்த சந்திப்பில் முழங்காலோடு நித்திரையையும் விசாரிப்போமாக.