ரொக்கம் மட்டும்

ராத்திரி தூக்கம் வரல.
மறுபடியும் 'யூவ் காட் மெயில்' போட்டேன். 1998 படம். எத்தனாவது தடவைன்னு மட்டும் கேக்காதீங்க.

நியூயார்க்ல அப்பர் வெஸ்ட் சைடுன்னு ஒரு ஏரியா.
மெக் ரயன் அவங்கம்மா ஆரம்பிச்ச குழந்தைங்க புத்தகக் கடையை நடத்துறாங்க. டாம் ஹாங்க்ஸ் பக்கத்துலயே பெரிய கடை திறந்து, இவங்க கடையை மூட வச்சிடுறார்.
கடைசில அவர்மேலயே காதல்!
பகல்ல யோசிச்சா கோவம் வருது. ராத்திரி பார்த்தா கண்ணு கலங்குது.

ஒரு சீன். மளிகைக் கடையில 'ரொக்கம் மட்டும்' வரிசை. மெக் ரயன் கையில கிரெடிட் கார்டு, கூட ஒரே ஒரு டாலர். பின்னாடி நிக்கிறவங்க முணுமுணுக்கிறாங்க. காப்பாத்த வர்றது யாரு? அதே எதிரிதான்.

எனக்குப் பிடிச்சது அந்த ஜோடி இல்லைன்னு இப்பதான் புரிஞ்சுது. அந்தத் தெரு. அவ்ளோ பெரிய ஊர்ல, ரெண்டு தெரு நடந்தா தெரிஞ்ச முகம் எதிர்ல வருது பாருங்க, அது.

நான் இந்த ஃப்ளாட்டுக்கு வந்து ஆறு வருஷம். எதிர் வீட்டுக்காரர் பேரை கூரியர் தம்பிகிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இதுல காதல் கதை வேற கேக்குது!

நீங்க கடைசியா உங்க தெருவுல யார்கிட்ட நின்னு பேசுனீங்க?