இரட்டை வாய்க்கால்

மரக்காணத்துக்குப் போய்விட்டு வந்தேன் என்றதும், "உப்பு வாங்கி வந்தாயா?" என்றுதான் வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். உப்பு வாங்கவில்லை. ஆனால் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வைத்தியம் கற்றுக்கொண்டு வந்தேன். உப்பளத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், கல்பாக்கம், பாலாற்றுப் பாலம் எல்லாம் தாண்டிச் சென்றால், ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வந்துவிடும். ஆந்திரத்துக் காக்கிநாடாவிலிருந்து கடலை ஒட்டியே வரும் பக்கிங்ஹாம் கால்வாய், "இனி என்னால் முடியாது" என்று சொல்வதுபோல இங்கேதான் நின்றுவிடுகிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலி ஏரியும் பக்கத்தில்தான்.

பெரியம்மா மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் அது. நான் போய்ச் சேர்ந்தது சித்திரை மாதத்து மாலைப் பொழுது. அக்கா வாசலுக்கு வந்து வரவேற்றாள். ஆனால் முகத்தில் களையே இல்லை.

அக்காவுக்கு வீட்டு முன்னறையில்தான் பிழைப்பு. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கிறாள். பெண்ணின் காலேஜ் கட்டணம் அதிலிருந்துதான் வர வேண்டும். கம்ப்யூட்டர் மந்தமாக இருக்கிறதென்று, சீட்டுப் பணத்தில் இன்னும் ஒரு 8 ஜி.பி. 'ராம்' வாங்கிப் போட்டிருக்கிறாள்.

"பதினாறு ஜி.பி. என்று அதுவே காட்டுகிறதடி. வேகம் மட்டும் பழைய வேகம்தான். கடைக்காரர் வந்து பார்த்தார். 'இரண்டும் ஜோடியாக ஓடவில்லை, மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்று சொல்லிவிட்டார். நாளைக் காலையில் அடகுக் கடைக்குப் போகிறேன்" என்று கையிலிருந்த வளையலைத் தடவிக்கொண்டாள்.

எனக்கு இரவெல்லாம் சரியாகத் தூக்கம் வரவில்லை. விடிவதற்கு முன்பே உப்பளத்துக்குக் கிளம்பிவிட்டேன். வெயில் ஏறினால் அங்கே நிற்க முடியாதல்லவா?

அடடா, என்ன காட்சி! கண்ணுக்கு எட்டிய வரை கண்ணாடி பதித்ததுபோலப் பாத்திகள். உப்பங்கழித் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவைக்கிறார்கள். சாதாரணக் கடல் நீர் போமே மானியில் மூன்று, மூன்றரை டிகிரி காட்டும். அது இருபத்தைந்து டிகிரிக்கு ஏறும்போது உப்புப் பூக்கத் தொடங்குகிறது. முப்பதை நெருங்கினால் மிச்சக் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்பே கசந்துபோகும்.

வரப்பில் நின்ற ஒரு பாட்டியம்மாள் மடையைத் திறந்துகொண்டிருந்தார். "அந்தப் பக்கமும் ஒரு மடை திறந்தால் பாத்தி சீக்கிரம் நிரம்புமே, பாட்டி?" என்று கேட்டேன்.

பாட்டி சிரித்தார். "ஒரே வாய்க்கால்ல ரெண்டு மடை வெச்சா, வர்ற தண்ணிதானே வரும் கண்ணு? ரெண்டு வாய்க்கால் இருந்தா அது வேற."

எனக்குச் சுரீரென்றது! எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் தம்பி, 'டூயல் சானல்' என்று எப்போதோ சொன்னானே! அவசரமாக வீடு திரும்பினேன். அடகுக் கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. தம்பியைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"இரண்டு ராமும் பக்கத்துப் பக்கத்துக் குழியில் இருக்கிறதா, மேடம்?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி. ஆமாம், அப்படித்தான் இருந்தது.

"அதுதான் கோளாறு. நான்கு குழியுள்ள போர்டில் இரண்டிரண்டு குழிக்கு ஒரு வாய்க்கால். பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி, இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டோடு வந்த புத்தகத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்."

மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, இரும்புப் பெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தோம். மாற்றிப் போட்டால் புதுச் சங்கடம்: 8 ஜி.பி.தான் தெரிந்தது! அக்காவின் முகம் இன்னும் வாடிப்போயிற்று.

தம்பி பதறவில்லை. "ஒவ்வொரு ராமையும் தனியாக இரண்டாவது குழியில் போட்டுப் பாருங்கள்" என்றான். இரண்டுமே ஓடின. நான்காவது குழியில் எதைப் போட்டாலும் திரை இருண்டது. ஆகவே ராமில் குற்றமில்லை. குழியில்தான் ஏதோ குற்றம்.

டார்ச் அடித்துப் பார்த்தாள் அக்கா மகள். "சித்தி, இங்கே பாருங்கள், ஒரே தூசி!" வருஷக் கணக்காகக் காலியாக இருந்த குழி. ஜன்னலோ கடலைப் பார்த்தது. உப்புக் காற்று ஈரத்தோடு வந்து படிந்திருக்கிறது. ராமின் காலில் தங்க முலாம்தான் என்றாலும், அதிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே உப்பு ஈரம் உள்ளே போய் அடி உலோகத்தை அரித்துவிடுமாம்.

உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் குழியைத் துடைத்தோம். ராம்களைத் தனியே எடுத்துவைத்து, மங்கியிருந்த கால்களை வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டோம். ஈரத் துணி கூடவே கூடாது. நான்காவது குழியில் இரண்டு மூன்று தரம் செருகி எடுத்து, கடைசியில் 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்தினோம்.

சுவிட்சைப் போட்டதும் 16 ஜி.பி. தெரிந்தது! சி.பி.யூ.-ஸெட் என்ற இலவச மென்பொருளும் 'டூயல்' என்று காட்டிற்று. டி.டி.ஆர்.4 ராம் 3200 வேகத்தில் ஒற்றை வாய்க்காலில் வினாடிக்கு 25.6 ஜி.பி. கடத்தக்கூடியது, இரட்டையில் 51.2. எல்லா வேலையும் இரு மடங்கு வேகமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அக்காவின் கம்ப்யூட்டரைப்போலத் தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத இயந்திரத்தில்தான் பலன் நன்றாகத் தெரியும்.

"இதற்கும் சரியாகவில்லை என்றால்?" என்று தம்பியிடம் கேட்டுவைத்தேன். பிராசஸருக்கு மேலுள்ள விசிறியின் திருகு அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம். அடியிலுள்ள ஊசி வளைந்திருக்கலாம். பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். இத்தனையும் பார்த்த பிறகுதான் போர்டின் மேல் பழி போட வேண்டும் என்றான்.

மேஜையை ஜன்னலை விட்டுத் தள்ளிப் போட்டோம். வேலை முடிந்து நிறுத்திய பிறகு மேலே போட ஒரு துணி உறையும் தைத்தாகிவிட்டது.

புறப்படும்போது அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை நீட்டிய கையில் வளையல் பத்திரமாக இருந்தது. ரப்பருக்கு ஆன செலவு ஐந்து ரூபாய்.