சின்னசாமி அரங்கில் ஈட்டலும் காத்தலும்

பெங்களூருக்கு வரும் உறவினர்களை நாம் அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் லால்பாக், விதான சௌதா, கப்பன் பூங்கா, அலசூர் ஏரி என்ற வரிசையிலேயே அமைகின்றன. இவ்வரிசையில் இன்னும் ஓர் இடத்தைச் சேர்த்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறோம். கப்பன் பூங்கா மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால், மரங்களுக்கு மேலே வானளாவி நிற்கும் விளக்குக் கம்பங்கள் கண்ணிற்படும். அதுவே சின்னசாமி கிரிக்கெட் அரங்கம். இந்நகர மக்கள் எதைக் கண்டு மகிழ்வர், எதனை மறந்துவிடுவர் என்பதை அறிய விரும்புவோர்க்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை.

மாண்டியாவைச் சேர்ந்த வழக்கறிஞரும், 1977 முதல் 1980 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக விளங்கியவருமான எம். சின்னசாமியின் பெயரை இவ்வரங்கம் தாங்கி நிற்கிறது. 1974ஆம் ஆண்டு நவம்பரில் மேற்கிந்தியத் தீவினருடன் இங்கு முதல் டெஸ்ட் ஆட்டம் நிகழ்ந்தது. விவியன் ரிச்சர்ட்ஸ், கார்டன் கிரீனிட்ஜ் ஆகிய இருவரும் சர்வதேச ஆட்டத்தில் அடியெடுத்து வைத்தது அந்நாளில்தான். 1987 மார்ச்சில் சுனில் கவாஸ்கர் தமது கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் 96 ஓட்டங்கள் எடுத்தும், இந்தியா பாகிஸ்தானிடம் 16 ஓட்டங்களில் தோற்றதும் இங்கேதான்.

ஆயினும் இம்மாநிலத்தின் தனிப்பெருமை பந்துவீச்சிலேயே இருந்தது. எரப்பள்ளி பிரசன்னா டெஸ்ட் ஆட்டங்களில் 189 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இளம்பிள்ளை வாதத்தால் மெலிந்த வலக்கையைக் கொண்டே பி.எஸ். சந்திரசேகர் 242 விக்கெட்டுகளைக் கைப்பற்றினார். 1971இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் அவர் 38 ஓட்டங்களுக்கு 6 பேரை வெளியேற்றியதாலன்றோ இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது! அவர்களுக்குப் பின் வந்த ஜவகல் ஸ்ரீநாத் 236 விக்கெட்டுகளும், அனில் கும்ப்ளே 619 விக்கெட்டுகளும் எடுத்தனர். அரங்கத்தின் அருகே மகாத்மா காந்தி சாலையில் ஒரு சந்திப்பு இன்றும் கும்ப்ளேயின் பெயரால் வழங்குகிறது.

இத்தகைய ஊரின் பெயரைத் தாங்கி 2008இல் தோன்றிய ராயல் சேலஞ்சர்ஸ் அணி, மட்டைவீச்சில் மலையாகவும் பந்துவீச்சில் மடுவாகவும் ஆண்டுக்கணக்கில் விளங்கியது வியப்பினும் வியப்பே. 2011 முதல் விராட் கோலி, கிறிஸ் கெய்ல், ஏ.பி. டி வில்லியர்ஸ் ஆகிய மூவரும் ஒரே அணியில் நின்றனர். 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று கெய்ல் ஒருவரே 66 பந்துகளில் 175 ஓட்டங்கள் குவிக்க, அணி 263 ஓட்டங்களை எட்டியது. 2016இல் கோலி ஒரே பருவத்தில் 973 ஓட்டங்கள் எடுத்தார். இருந்தும் கோப்பை கைக்கு வரவில்லை.

அவ்வாண்டு மே 29 அன்று இறுதியாட்டம் இந்த அரங்கிலேயே நடந்தது. முதலில் ஆடிய ஹைதராபாத் அணி 208 ஓட்டங்கள் எடுத்தது. அதன் கடைசி ஓவரில் மட்டும் பெங்களூர் அணி 24 ஓட்டங்களைக் கொடுத்திருந்தது. பதிலுக்கு ஆடிய பெங்களூருக்குக் கெய்லும் கோலியும் முதல் விக்கெட்டுக்கு 114 ஓட்டங்கள் சேர்த்தனர். முடிவில் தோல்வி 8 ஓட்டங்களில்! 2018இல் சென்னை அணியும் 2019இல் கொல்கத்தா அணியும் இங்கே 206 ஓட்டங்கள் என்னும் இலக்கைத் துரத்திப் பிடித்தன. கொல்கத்தாவின் ஆண்ட்ரே ரசல் 13 பந்துகளில் 48 ஓட்டங்கள் விளாசினார். 2024 ஏப்ரலில் ஹைதராபாத் அணி 287 ஓட்டங்கள் குவித்தபோது, பெங்களூரு 262 எடுத்தும் தோற்றது. எவ்வளவு ஈட்டினாலும் ஓட்டைப் பானையில் நீர் நில்லாதன்றோ?

இதற்குக் காரணங்கள் சில உண்டு. எல்லைக்கோடு அருகில் இருப்பது ஒன்று. நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருப்பது மற்றொன்று. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும்; அடித்த பந்து தடையின்றிப் பறக்கும்; எறிந்த பந்தோ காற்றில் வளைவது குறையும். அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் நேயர்கள் டென்வர் நகரின் பேஸ்பால் மைதானத்தைப் பற்றிக் கேட்டிருக்கக் கூடும். 5,280 அடி உயரத்திலுள்ள அந்நகரில், பந்து மிகத் தொலைவு பறப்பதைக் கட்டுப்படுத்த 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுக்கிறார்கள். அந்நகரின் கொலராடோ ராக்கீஸ் அணியும் அடிப்பதில் பெயர்பெற்று, எறிவதில் அல்லலுற்ற அணியே. 2007இல் ஒரேயொரு முறை இறுதித் தொடரை எட்டித் தோற்றது.

எனினும் காற்றின் மீதே முழுப் பழியையும் சுமத்துதல் முறையன்று. ஏலத்தில் ஓர் அணி செலவிடக்கூடிய தொகைக்கு வரம்புண்டு. அதில் பெரும்பங்கை மட்டையாளர்க்கே ஈந்தால், பந்துவீச்சாளர்க்கு எஞ்சுவது சிறிதே. இவ்வணிக்காக 139 விக்கெட்டுகள் எடுத்த சாகலை 2022 ஏலத்தில் போகவிட்டார்கள். அவரோ அவ்வாண்டே ராஜஸ்தான் அணிக்காக 27 விக்கெட்டுகள் எடுத்து, அப்பருவத்தின் முதல்வரானார். பார்வையாளராகிய நமக்கும் இதில் பங்குண்டு. சிக்ஸர் பறந்தால் எழுந்து ஆரவாரிக்கும் நாம், ஓர் ஓவரை மூன்று ஓட்டங்களோடு முடித்தவரைப் பாராட்டி எத்தனை முறை கைதட்டியிருக்கிறோம்?

இந்த அணிக்கு முதல் கோப்பையை ஈட்டித் தந்தவர்கள் மகளிர். 2024 மார்ச் 17 அன்று டெல்லியில் நடந்த இறுதியாட்டத்தில், விக்கெட் இழப்பின்றி 64 ஓட்டங்கள் எடுத்திருந்த டெல்லி அணியை 113 ஓட்டங்களில் அவர்கள் சுருட்டினர். கர்நாடகத்து மகளான ஸ்ரேயங்கா பாட்டீல் 12 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டுகள் எடுத்தார். அவ்வாண்டின் இறுதியில் நடந்த ஏலத்தில் ஆடவர் அணியும் ஹேசல்வுட்டுக்கு 12.5 கோடி ரூபாயும், புவனேஷ்வர் குமாருக்கு 10.75 கோடி ரூபாயும் தந்து பந்துவீச்சை வலுப்படுத்தியது. பயன் உடனே விளைந்தது. 2025இல் சொந்த மண்ணில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்ற அணி, வெளியூர்களில் ஆடிய ஏழு லீக் ஆட்டங்களையும் வென்றது. 2008க்குப் பின் முதன்முறையாகச் சேப்பாக்கத்திலும் வென்றது. தந்தை சென்னைக்கும் மகன் பெங்களூருவுக்கும் குரல் கொடுக்கும் நம் இல்லங்களில் அன்றிரவு உணவு சற்றுத் தாமதமாகவே பரிமாறப்பட்டிருக்கும்! ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் நடந்த இறுதியாட்டத்தில் குருணால் பாண்டியா நான்கு ஓவர்களில் 17 ஓட்டங்களே தந்து 2 விக்கெட்டுகள் வீழ்த்தினார். பஞ்சாப் அணியை 6 ஓட்டங்களில் வென்று, 18ஆம் பருவத்தில் பெங்களூரு கோப்பையை ஏந்தியது.

மறுநாள் நேர்ந்ததை எழுதக் கை நடுங்குகிறது. ஏறக்குறைய 35,000 பேரே அமரக்கூடிய அரங்கத்தை நோக்கி, அதனினும் பன்மடங்கு மக்கள் திரண்டனர். வாயில்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 உயிர்கள் பறிபோயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் இளையோர். வெற்றியைக் காணப் புறப்பட்ட பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. கோப்பையைக் காத்துக் கொடுக்கக் கற்றுக்கொண்ட நகரம், அதைக் கொண்டாட வந்தவர்களைக் காக்கத் தவறியது. இத்துயரத்தின் முன் எந்த வெற்றியும் சிறிதே.

ஆதலின் இவ்வரங்கத்தைக் காண வருவோர், அடித்தவர்களை நினைப்பதோடு தடுத்தவர்களையும் நினைத்தல் வேண்டும்; வாயில்களின் அருகே ஒரு கணம் தலைதாழ்த்தி நிற்றல் வேண்டும். பிறந்த ஊரை விட்டு வந்து இந்நகரில் பொருளீட்டும் நமக்கு ஈட்டலின் அருமை தெரியும். ஈட்டியதைச் சிந்தாமல் காப்பவரின் உழைப்போ பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மாதக் கடைசியில் குடும்பக் கணக்கை இழுத்துப் பிடிக்கும் தாய்மார்களும், கூட்டத்தில் குழந்தையின் கையை விடாது பற்றி நடக்கும் பாட்டிமார்களும் அத்தகையோரே. அடுத்த ஆட்டத்தை நம் பிள்ளைகளோடு காணும்போது, ஓட்டமில்லாப் பந்து ஒன்றுக்கேனும் அவர்களோடு சேர்ந்து கைதட்டுவோமாக.