பள்ளத்தில் புதைந்த சுவர்

நிலப்படங்கள் பல பார்த்திருக்கிறேன், தோழர்களே! எனினும் ஒரு படம் என் உள்ளத்தை உலுக்கிற்று. 1793ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டின் தலைவராக வீற்றிருந்தபோதே, ஜார்ஜ் வாஷிங்டன் தம் கரத்தாலே தீட்டிய மவுண்ட் வெர்னன் பண்ணைப் படம் அது. இளமையில் நில அளவைத் தொழில் புரிந்தவரல்லவா!

வர்ஜீனியாவிலே, பொட்டாமக் ஆறு அகன்று புரளும் கரையிலே, மேட்டின் மீது மாளிகை. ஒருபுறம் லிட்டில் ஹண்டிங் ஓடை; மறுபுறம் டோக் ஓடை. இடையிலும் அப்பாலுமாக ஐந்து பண்ணைகள் — ஏறத்தாழ 8,000 ஏக்கர்! புகையிலை மண்ணின் சத்தை உறிஞ்சுவது கண்டு, 1760களிலேயே கோதுமைக்கு மாறினார். டோக் ரன் பண்ணையிலே பதினாறு பக்கக் களஞ்சியம் ஒன்று எழுப்பினார். மேல்தளத்திலே குதிரைகள் கதிரை மிதித்துச் சுற்றிவர, பலகை இடுக்குகளின் வழியே மணி மட்டும் கீழே உதிரும். நம் ஊர்க் களத்திலே மாடு கட்டிப் போரடிக்கும் வேலைதான். மழைக்கு ஒரு கூரை, மண் கலவாதிருக்க ஒரு தளம் — அவ்வளவே வேறுபாடு! அறிவு வேலை செய்திருக்கிறது; பாராட்டத்தான் வேண்டும். ஆறும் சும்மா இருக்கவில்லை. 1772இல் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மீன்களை வாரி வழங்கிற்று.

வலையை இழுத்தவர் யார்? களஞ்சியத்தைக் கட்டியவர் யார்? அடிமைகள்! 1799ஆம் ஆண்டுக் கணக்கின்படி 317 பேர். உப்பிட்ட மீனும் சோளமாவும் அவர்தம் பங்கு.

மாளிகையைச் சூழ்ந்து பசும்புல்வெளி. கால்நடை அதனுள் நுழையக்கூடாது. ஆனால் வேலி கண்ணை உறுத்தவும் கூடாது. ஆகவே நிலத்தைச் சரித்து வெட்டி, பள்ளத்துக்குள்ளே சுவரைப் புதைத்தனர். ‘ஹாஹா’ என்று அதற்குப் பெயர். மாளிகையிலிருந்து பார்ப்பவருக்குச் சுவரே தெரியாது. பள்ளத்தில் நிற்பவருக்கோ சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாது! ஊர் என்றும் சேரி என்றும் பிரித்த நாட்டிலே பிறந்த எனக்கு, அச்சுவரைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவைப்படவில்லை.

உரிமைப் போர் நடத்திய தலைவர், தம் உயிலிலேதான் விடுதலை எழுதினார் — தமக்குரிய 123 பேருக்கு மட்டும், அதுவும் மனைவியின் காலத்துக்குப் பின்! மார்த்தா அம்மையார் 1801 சனவரி முதல் நாளன்றே அவர்களை விடுவித்தார். அம்மையாரின் முதற் கணவர் சொத்தாக வந்தவர்களை விடுவிக்கும் உரிமை இருவருக்குமில்லை, சட்டம் அப்படி.

ஆற்றை நோக்கிய மேட்டிலே, வாஷிங்டனின் கல்லறைக்குச் சற்றுத் தொலைவில், அவர்களின் இடுகாடு. பெயர் பொறித்த கல் ஒன்றுமில்லை. 1929இல் ஒரு பளிங்குக் கல் பதித்தனர்; 1983இல் நினைவிடம் எழுப்பினர். 2014இல் அகழ்வாய்வு தொடங்கிற்று. எலும்பைத் தொடாமல், மேல்மண்ணை மட்டும் மெல்லச் சீவி, குழிகளின் விளிம்பைத் தேடி, ஒவ்வொன்றாக இடம் குறித்தனர்.