ஷாஃப்ட் ஆடுது

நான் அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பேனா பிடித்தவன். ஸ்பேனர் பிடித்ததில்லை. அதற்குக் காரணம் என் தகப்பனார். புதுச்சேரி ரோடியர் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். "என் கையில ஒட்டின கிரீஸ் உன் கையில ஒட்டக் கூடாது" என்று சொல்லி என்னைப் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்தார். அவர் நினைத்தபடியே நான் எழுத்தரானேன். அப்படிப்பட்டவன் எழுபத்து நான்காவது வயதில் ஒரு படகுக்கு அடியில் அட்டையை விரித்து மல்லாந்து படுத்திருந்த கதை இது.

நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரில் மகன் வேலை பார்க்கிறான். நானும் என் மனைவியும் மூன்று மாதம் அங்கே போயிருந்தோம். டிசம்பர் மாதம், அங்கே அது கோடைக்காலம். வீட்டையொட்டிய கார் கொட்டகையில் கார் இல்லை. டிரெய்லர் மேல் ஒரு பழைய ஜெட் படகு நின்றது. வயதான விவசாயி ஒருவரிடம் குறைந்த விலைக்கு வாங்கினானாம். "இன்ஜின் அலறுதுப்பா, படகு மட்டும் எழும்ப மாட்டேங்குது" என்றான்.

இந்த வகைப் படகு அந்த ஊருக்கே உரியது. அங்குள்ள ஆறுகள் மலையிலிருந்து கூழாங்கற்களை அடித்துக்கொண்டு வந்து, பல கிளையாகப் பிரிந்து ஓடுபவை. பல இடங்களில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். சாதாரணப் படகின் விசிறி கல்லில் மோதி உடைந்துவிடும். பில் ஹாமில்டன் என்ற பண்ணைக்காரர் 1950-களில் இதற்கு வழி கண்டார். படகின் அடியில் ஒரு துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் பீய்ச்சியடித்தால் படகு முன்னே போகும். வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இருக்காது. அவர் பொறியியல் கல்லூரியில் படித்தவர் அல்லர். பண்ணையிலேயே பட்டறை வைத்துச் செய்து பார்த்துக் கற்றவர். 1960-இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் வழியாக நீரோட்டத்தை எதிர்த்து ஏறின. 1974-இல் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

மகன் மூடியைக் கழற்றிக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டுக் கிணற்று மோட்டாரில் இருக்கிற அதே சங்கதிதான். ஒரு ஷாஃப்ட், அதன் மேல் இம்பெல்லர், அதைச் சுற்றி ஓர் உலோக வளையம். இம்பெல்லரின் விளிம்புக்கும் வளையத்துக்கும் நடுவே சுமார் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கலாம். உறிஞ்சும் தண்ணீரோடு மணலும் பொடிக்கல்லும் வந்து இரண்டையும் அரித்துவிடும். இடைவெளி கூடினால், தள்ளிய தண்ணீர் அதன் வழியே பின்னுக்கே கசியும். இன்ஜின் சுற்றும், வேகம் வராது.

மகன் மேல்பக்கத்தில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தான். "ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். வளையத்தை மாத்தினா போதும்ப்பா" என்றான்.

'ஏறக்குறைய' என்ற சொல் எனக்கு ஆகாது. பள்ளியில் எங்கள் கணக்கு ஆசிரியர் முன்னால் யாராவது 'ஆ பெ ப்ரே' என்று சொல்லிவிட்டால் ரூலர் விரல்மேல் விழும். பிரெஞ்சில் அதற்கு 'ஏறக்குறைய' என்று பொருள். "நாலு பக்கமும் அளந்துடு தம்பி, நான் எழுதிக்கிறேன்" என்றேன். அவன் வளர்ந்த ஆள், உள்ளே புகுந்து பார்க்க முடியவில்லை. அதனால்தான் அட்டையை விரித்து நான் படுத்தேன். மனைவி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். மேலே 1.5, இடது 0.8, வலது 0.8, கீழே கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இம்பெல்லரைக் கையால் சுற்றி, வேறொரு இறக்கையை அங்கே கொண்டுவந்து அளந்தாலும் அதே கணக்கு. தேய்மானம் மட்டும் என்றால் கீழே எப்படி உரசும்?

அப்போதுதான் என் தகப்பனாரின் குரல் கேட்டது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருடம் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டாரில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். "உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை? ஆள் சொல்லியிருக்கேன்" என்று வாங்கி வைத்துவிட்டேன். வந்த ஆள் வாட்டர் சீலை மாற்றினான். மறுபடி கசிந்தது. அந்த வருடம் மூன்று முறை மாற்றினான். மூன்று முறையும் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "சீல் இல்லடா, ஷாஃப்ட் ஆடுது." நான் கோப்பு பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

படகின் அடியில் கையை விட்டு ஷாஃப்டைப் பிடித்து மேலே தூக்கினேன். 'டக்' என்று எழுந்தது. விட்டேன், விழுந்தது. "தம்பி, ஷாஃப்ட் ஆடுதுடா" என்றேன். சொல்லி முடிக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பின்பக்கத்தில் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங், பித்தளைக் கூட்டுக்குள் ரப்பர் வைத்தது. எண்ணெய் கிடையாது, ஆற்றுத் தண்ணீரே அதற்கு எண்ணெய். ரப்பர் முழுக்கத் தேய்ந்திருந்தது. வளையத்தை மட்டும் மாற்றியிருந்தால் புது வளையத்தையும் இம்பெல்லர் அரைத்திருக்கும். இம்பெல்லரின் விளிம்பை வெளிப் பட்டறையில் வெல்டு வைத்து லேத்தில் கடைந்து வாங்கினோம். மற்றதெல்லாம் கொட்டகையில்தான். புது பேரிங் இறுக்கமாக இருந்ததால், சற்றுச் சுருங்கட்டும் என்று இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தான். காலையில் மீனுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்த மனைவி போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. ஆனால் பேரிங் சொன்னபடி இறங்கியது.

பூட்டி முடித்ததும் மறுபடி அளந்தேன். மேலே 0.6, கீழே 0.5, இரு பக்கமும் 0.55.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வைமக்காரிரி ஆற்றில் இறக்கினோம். உயிர் காக்கும் சட்டையை மகனே எனக்கு மாட்டிவிட்டான். இன்ஜினை முடுக்கியதும் படகின் மூக்கு எழுந்தது, பிறகு தண்ணீர் மேல் படிந்து ஓடியது. அடியில் கற்கள் கண்ணுக்குத் தெரிந்தன. மகன் என் பக்கம் திரும்பி, "நீங்க மெக்கானிக் ஆகியிருக்கணும்ப்பா" என்றான். "அது உன் தாத்தா" என்றேன். அன்றைக்குத்தான் அவனுக்கு அந்தக் கிணற்று மோட்டார் கதையைச் சொன்னேன்.

ஊர் திரும்பும் முன் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான்.

உங்கள் வீட்டு மோட்டார் அடிக்கடி சீல் கேட்டால், ஷாஃப்டை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். பக்கத்தில் வயதானவர் யாராவது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றால், முதலில் அவரைக் கேளுங்கள்.