ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு

பிப்ரவரி 3, சனி

வண்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. 1966-ஆம் வருடத்து எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். இரண்டு சீட், துணிக் கூரை, சிவப்பு. இங்கிலாந்தில், டிட்காட்டில் எங்கள் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். இது பிறந்த அபிங்டன் இங்கிருந்து பத்து மைல்கூட இல்லை. விற்றவர் பாலிஷ் போட்டு முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். அதில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் பணத்தைக் கொடுத்தேன்.

காலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்து, டிரைவர் கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் பகுதியில் வைத்தார். விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார். அங்கேயும் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் காந்தத்தை என் கையில் கொடுத்துவிட்டு, டீ இருக்கிறதா என்று கேட்டார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

திருப்புளியால் குத்திப் பார்த்தேன். பட்டி கட்டி கட்டியாக உதிர்ந்தது. அதற்குள் கம்பி வலை. வலைக்குள் கசக்கித் திணித்த செய்தித்தாள். கால்பந்து முடிவுகள் வரைக்கும் படிக்க முடிகிறது. இரும்புதான் இல்லை.

இந்த வண்டிக்குத் தனியாக சேசி கிடையாது, பாடிதான் சேசி. மேலே கூரையும் இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது நடுவில் ஓடும் டனலும், இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் இருக்கும் பெட்டி மாதிரியான சட்டங்களும்தான். இங்கே அதை ‘சில்’ என்கிறார்கள். உள்தகடு, வெளித்தகடு, அடியில் கோட்டை மதில்போல் மேடும் பள்ளமுமாக ஒரு நீளத் தகடு, எல்லாம் சேர்ந்தால்தான் பலம். அந்த இடத்தில்தான் யாரோ பேப்பரை வைத்துப் பூசியிருக்கிறார்கள்.

இப்படி ஒரு வண்டி எப்படி ரோட்டில் ஓடியது? 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால், 2018 மே மாதத்திலிருந்து வருடாந்தர எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. ரோடு டாக்ஸும் இல்லை. சொந்தக்காரர் பொறுப்பாகப் பார்த்துக்கொள்வார் என்பது அரசாங்கத்தின் நம்பிக்கை. டாக்ஸ் சலுகை சரி. சோதனையை விட்டது தப்பு என்று என் கையில் இருக்கும் கால்பந்துப் பக்கம் சொல்கிறது.

பிப்ரவரி 10, சனி

ராத்திரி தூக்கமில்லை. திண்டுக்கல்லுக்கு போன் போட்டேன். சித்தப்பா அங்கே நாற்பது வருஷம் அம்பாசடருக்கு மட்டுமே ஷெட் வைத்திருந்தவர்.

“இன்ஜின் என்னடா?”

“பி.எம்.சி. பி சீரிஸ், சித்தப்பா. 1798 சிசி.”

“பி சீரிசா? அடேய், அது நம்ம அம்பாசடர் இன்ஜின்டா! அண்ணன் தம்பி. சிலிண்டர் சுடுறது ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுதானே?”

“ஆமா, சித்தப்பா.”

“அப்புறம் எதுக்குப் பயப்படுற?”

அவர் சொன்னது நிஜம்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டு சீரிஸ் மூன்றுதான் வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடராக மறுபிறவி எடுத்தது. அதில் வந்த 1489 சிசி இன்ஜின், 1955-இல் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அதையே பெரிதாக்கி 1962-இல் எம்.ஜி.பி.யில் வைத்தார்கள். கல்யாண வீட்டுக்கு மாலை போட்டுப் போன வண்டியும், இங்கே தொப்பி போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிற வண்டியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

மார்ச் 3, ஞாயிறு

தகடுகள் வந்துவிட்டன. இந்த வண்டி மொத்தம் 5 லட்சத்துக்கு மேல் விற்றது. அதனால் கிடைக்காத சாமான் அநேகமாக இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988 முதல் முழு பாடியையே புதிதாக அடித்துத் தருகிறது. அதையே வாங்கிவிடேன் என்றாள் மனைவி. விலையைச் சொன்னதும் பேச்சை மாற்றினாள்.

மார்ச் 30, சனி

இன்றுதான் வெட்டினோம். வெல்டிங் எனக்கு வராது. கூலிக்கு வந்தவர் முதலில் ரம்பத்தைத் தொடவே இல்லை. கதவைச் சாத்தி, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை மேலே, நடுவில், கீழே என்று அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினார். பிறகு கதவைக் கழற்றிவிட்டு, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து டாக் வெல்டு அடித்தார். அது இல்லாமல் சில்லை வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடுமாம். அந்தத் தொய்வோடு புதுத் தகட்டை வெல்டு வைத்துவிட்டால் கதவு ஆயுசுக்கும் சாத்தாது.

துருப்பிடித்த சில்லை வெளியே எடுத்து ஆட்டினேன். கிலுகிலுப்பை மாதிரி சத்தம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை முதல் நாள். இடது பக்கம் முடிந்தது. கதவு ஒரே தட்டில் சாத்தியது. வடை சாப்பிட்டோம்.

ஜூன் 23, ஞாயிறு

வயரிங். எல்லாம் லூகாஸ் கம்பெனி சாமான். இங்கே லூகாஸுக்கு ‘இருட்டின் இளவரசன்’ என்று பட்டப்பெயர்; ராத்திரியில் விளக்கு அணைந்துவிடுமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னை பாடியில் 1961-இல் வந்த லூகாஸ் டி.வி.எஸ். எத்தனை வீடுகளில் அடுப்பெரிய வைத்தது என்று தெரிந்த ஊர்க்காரன் நான். என் வண்டியில் விளக்கு எரியாததற்குக் காரணம் எர்த் போல்ட்டில் யாரோ அப்பிவிட்ட பெயின்ட். சுரண்டினேன், எரிந்தது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்தக் காலத்து எம்.ஜி.பி.யில் பாடிக்குப் போவது பாசிட்டிவ். பழக்க தோஷத்தில் நெகட்டிவை எர்த்தில் மாட்ட இருந்தேன். சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு, தொடராக. அதை எட்டிப் பிடிப்பதற்குள் விலா எலும்பு நோகிறது.

ஜூலை 20, சனி

இன்ஜின் சீறுகிறது, அடங்குகிறது, அணைகிறது. வீடியோ காலில் சித்தப்பா.

“போனை பானெட்டுக்குள்ள வை... பாயிண்ட் கேப் பார்த்தியா?”

“ஃபீலர் கேஜ் தேடுறேன், சித்தப்பா. எங்கயோ வச்சுட்டேன்.”

“தீப்பெட்டி அட்டை ஒண்ணு கிழிச்சுக்க. அது போதும்.”

வைத்தேன். பிறகு கேஜ் கிடைத்து அளந்தால், புத்தகம் சொல்லும் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்குக்குள்தான் இருக்கிறது.

மிச்சம் கார்பரேட்டர். எஸ்.யூ. இரண்டு. யூ என்பது யூனியன்; அதற்கு முன்னால் இருக்கும் எஸ், ஸ்கின்னர் சகோதரர்கள். செருப்புக் கடைக் குடும்பம். முதலில் செய்த கார்பரேட்டரில் துருத்தியே தோலில்தான் இருந்ததாம். உள்ளே ஒரு பிஸ்டன் காற்று இழுக்கும் அளவுக்கு ஏறி இறங்கும், அதோடு ஊசி ஒன்று பெட்ரோல் துவாரத்தில் ஏறி இறங்கும். அவ்வளவுதான். இரண்டும் சமமாக இழுக்கிறதா என்று பார்க்க, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் காற்று வாயிலும் வைத்தேன். முன்னது ‘உஸ்’, பின்னது ‘ஸ்ஸ்ஸ்’. திருகை முடி அளவு திருப்பித் திருப்பி இரண்டும் ‘உஸ்’ ஆக ஒரு மணி நேரம். பிறகு பிஸ்டனை லேசாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். வேகம் ஏறி நின்றால் பெட்ரோல் அதிகம், தடுமாறி அணைந்தால் குறைவு. கொஞ்சம் ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. கீழே நட்டை ஒரு பட்டை மேலே, அரைப் பட்டை கீழே.

மாலை ஐந்தரைக்கு வேகம் ஏறி, இறங்கி, நிலையாக நின்றது.

“விடு, இனிமே கை வைக்காத” என்றார் சித்தப்பா.

ஆகஸ்ட் 17, சனி

கட்டாயம் இல்லாவிட்டாலும் எம்.ஓ.டி. சோதனைக்குக் கொண்டுபோனேன். அடியில் படுத்துப் பார்த்தவர் சில்லைச் சுத்தியலால் தட்டினார். ‘டங்’கென்றது. பாஸ்.

அப்படியே அபிங்டன். தொழிற்சாலை 1980 அக்டோபரில் மூடியாயிற்று. கவுன்டி ஹால் அருங்காட்சியகத்தில் கடைசியாக வந்த எம்.ஜி.பி.களில் ஒன்றை வைத்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தேன். அழகாக இருக்கிறது, ஓடாது. வெளியே நிறுத்திய என் வண்டிக்கு இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே இன்னும் சாம்பல் நிற பிரைமர்தான். பெயின்ட் காசு அடுத்த வருடம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆபீஸ் நண்பர் ஒருவர் 1964-ஆம் வருடத்து வண்டி ஒன்றைப் பார்க்கப் போகிறாராம். காந்தத்தைக் கொடுத்தனுப்பினேன். பானெட்டில் ஒட்டவில்லை என்றால் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னேன். அந்த வருட வண்டிகளுக்கு பானெட் அலுமினியம்.